கடைக்கோடி மின்னழுத்தம்: கம்பியா, கண்டன்சரா, 33 கே.வி.யா, சிறு மின்மாற்றியா?

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றடியில், ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றால், மின்பாதையின் குணம் பாதிக்கு மேல் விளங்கிவிடும். மும்முனை மின்சாரம் வந்த நொடியில் முள் 420க்கு மேல் ஏறி நிற்கிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இழுக்கத் தொடங்கியதும் 380, 350 என்று இறங்கி, 315ஐ ஒட்டி வந்து நடுங்குகிறது. மோட்டார் உறுமுகிறது, குழாயில் தண்ணீர் வாய் நிறைய வருவதில்லை, அந்தப் பருவத்துக்குள் எப்படியும் ஒரு முறை காயில் கட்ட மோட்டாரை வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்து விவசாயிகள் சிலரும் ஓர் அரிசி ஆலைக்காரரும், மின்வாரியத்திடம் எதைக் கேட்டு மனுக் கொடுப்பது என்று ஆலோசிக்க என்னிடம் வந்தார்கள். மின்பாதை வேலையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்களே தவிர, வரும்போதே அவர்களிடம் நான்கு பதில்கள் தயாராக இருந்தன. கனமான கம்பி போட வேண்டும் என்றார் ஒருவர், கண்டன்சர் (மின்தேக்கி) வைத்தால் போதும் என்றார் ஆலைக்காரர், 33 கே.வி. (33,000 வோல்ட்) பாதை இழுத்துப் புதிய துணை மின்நிலையமே அமைக்க வேண்டும் என்றார் மூன்றாமவர். ஊருக்கு இன்னொரு மின்மாற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் நான்காமவர். நால்வர் சொன்னதும் வெவ்வேறு நோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் நோய் எது என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

அழுத்தம் எங்கே தொலைகிறது

ஒரு மாதிரிப் பாதையை வைத்துக் கணக்குப் போடுவோம். துணை மின்நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் நீளமுள்ள 11 கே.வி. பீடர் (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தப் பாதை); கம்பி, கிராமப் பாதைகளில் பரவலாக உள்ள ராபிட், அதாவது எஃகு நடுநரம்பைச் சுற்றி அலுமினிய இழைகள் முறுக்கிய 50 சதுர மில்லிமீட்டர் வகை, கடைக்கோடியில் 1.5 மெகாவாட் சுமை. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.8. சுமை வழிநெடுகப் பரவியிருந்தால் இதே அளவு அழுத்த இறக்கத்துக்கு 3 மெகாவாட் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடைசி மின்மாற்றியிலிருந்து 800 மீட்டர் தூரத்துக்குத் தாழ்வழுத்தப் பாதை, ராபிட்டை விட மெல்லிய வீசல் கம்பியில். அதன் முனையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் ஐந்து.

ராபிட் கம்பியின் மின்தடை 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 0.5524 ஓம். வேலூரின் மே மாத வெயிலில், சுமையும் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பி 65 டிகிரிக்குச் சூடேறினால் அதுவே ஏறத்தாழ 0.65 ஓம் ஆகிறது. டிகிரிக்கு 0.4 சதவீதம் என்ற சிறு உயர்வுதான், ஆனால் 45 டிகிரிக்குச் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம். மாறுமின்னோட்டம் கம்பியைச் சுற்றி எழுப்பும் காந்தப்புலத்தால் வரும் தூண்டல் மறுப்பு, வழக்கமான கம்பி இடைவெளியில், கிலோமீட்டருக்கு 0.37 ஓம் அளவில் இருக்கும். மின்தடை மின்சாரத்தைத் தின்று வெப்பமாக்குகிறது; தூண்டல் மறுப்பு எதையும் தின்பதில்லை, ஆனால் அழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்காதவர் எந்த மருந்தை வாங்கினாலும் பாதிப் பணம் வீண்தான்.

1.5 மெகாவாட்டுக்கு ஓடும் மின்னோட்டம் 98 ஆம்பியர். பத்துக் கிலோமீட்டரில் இறங்கும் அழுத்தம் 1,265 வோல்ட், அதாவது 11.5 சதவீதம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54ஆவது விதி உயரழுத்தப் பாதைக்குக் கீழ்ப்பக்கம் 9 சதவீதமும் தாழ்வழுத்தத்துக்கு 6 சதவீதமும் எல்லையாக வைத்திருந்தது. நம் மாதிரிப் பாதை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. கம்பியில் வெப்பமாகப் போவது 189 கிலோவாட். அனுப்பியதில் 11 சதவீதத்துக்கு மேல் காக்கைக்கும் குருவிக்கும் குளிர்காயப் போகிறது.

இனி கிணற்றடிக்கு வருவோம். மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கம் சுமையில்லாத நிலையில் 433 வோல்ட் தரும்படி செய்யப்பட்டது. 11 கே.வி. பக்கத்தில் 11.5 சதவீதம் குறைந்ததால் இங்கே 50 வோல்ட் போகிறது. மின்மாற்றியின் சொந்த இறக்கம் 12 வோல்ட் என்று கொள்வோம். ஐந்து மோட்டாரும் சேர்ந்து 40 ஆம்பியர் இழுக்க, 800 மீட்டர் வீசல் கம்பியில் 56 வோல்ட் போகிறது. மொத்தம் 118, மீதி 315. பத்துக் கிலோமீட்டர் உயரழுத்தப் பாதை தின்றதை விட, அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவான தாழ்வழுத்தப் பாதை அதிகம் தின்றிருக்கிறது. மோட்டாரின் முறுக்கு விசை அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 415 வோல்ட் என்று தகட்டில் எழுதிய மோட்டார் 315இல் 58 சதவீத விசையோடுதான் கிளம்பப் பார்க்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் நிறைய ஸ்டேஜ் வைத்து இறக்கிய சப்மெர்சிபிளுக்கு இது போதாது. போதாததை மின்னோட்டமாக இழுத்துக் காயிலைச் சுட்டுக்கொள்கிறது.

கம்பியின் கனம்

மனுக்களில் அதிகம் எழுதப்படும் கோரிக்கை இதுதான், ஏனென்றால் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. ராபிட்டைக் கழற்றிவிட்டு டாக் கம்பி போடுவதாக வைத்துக்கொள்வோம். (கம்பிக்கெல்லாம் விலங்கின் பெயர் வைத்தது ஆங்கிலேயர் காலத்துப் பழக்கம், வீசல், ராபிட், ரக்கூன், டாக், பேந்தர், ஜீப்ரா, மூஸ் என்று விலங்கு பெருக்கக் கம்பியும் பொதுவாகப் பெருக்கும். ஜவ்வாது மலையில் பார்க்க முடியாத விலங்குகளையெல்லாம் எங்கள் லைன்மேன்கள் தினமும் தோளில் சுமந்தார்கள்.) டாக் கம்பி 100 சதுர மில்லிமீட்டர்; மின்தடை சூடான நிலையில் 0.33 ஓம், அதாவது ராபிட்டில் பாதி. மின்னிழப்பு 189 கிலோவாட்டிலிருந்து 96 கிலோவாட்டாகக் குறைகிறது. ஆனால் அழுத்த இறக்கம் பாதியாவதில்லை: 11.5லிருந்து 7.25 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. கம்பி கனமானாலும் தூண்டல் மறுப்பு 0.37லிருந்து 0.34 ஓமுக்கு மட்டுமே இறங்குவதுதான் காரணம். அது கம்பியின் கனத்தை விடக் கம்பிகளுக்கிடையே உள்ள தூரத்தைச் சார்ந்தது, அதிலும் மடக்கை வழியாகச் சார்ந்தது. எனவே எதைச் செய்தாலும் அது எளிதில் அசையாது. அலுமினியத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு பாதியாகும், அழுத்தம் பாதி சீராகாது என்பதை வாங்குபவர் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய பாதைகளில் இந்த விகிதம் தலைகீழாகிறது. திருவலம் அருகே 765 கே.வி. துணை மின்நிலையத்துக்குக் கர்நூலிலிருந்து வரும் கோபுரப் பாதையைப் பார்த்தவர்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு கம்பி இல்லாமல் கொத்தாகக் கம்பிகள் தொங்குவதைக் கவனித்திருக்கலாம். அங்கே மின்தடை ஒரு பொருட்டே அல்ல. இரட்டை மூஸ் கம்பி போட்ட 400 கே.வி. பாதையில் மின்தடை கிலோமீட்டருக்கு 0.03 ஓம், தூண்டல் மறுப்பு 0.33 ஓம், பதினொன்றில் ஒரு பங்கு. கம்பிகளைக் கொத்தாக விரித்து வைப்பதே அந்த மறுப்பைக் குறைக்கவும், கம்பியைச் சுற்றிக் காற்று சீறி ஒளிரும் கொரோனாவை அடக்கவும்தான். நம் 11 கே.வி. பாதையில் மின்தடை மறுப்பைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. எனவே நீண்ட பாதைக்கான பாடத்தைக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் இளம் பொறியாளர்கள் கிராமத்துப் பீடருக்கு அதே பார்வையைப் பொருத்தினால் கணக்குத் தவறும். பெரிய பாதையில் மின்தேக்கியும், அதற்கு எதிர்வேலை செய்யும் சுருளான ரியாக்டரும் அரசாள்கின்றன. இங்கே உலோகத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மதிப்பு இருக்கிறது என்றாலும் எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு இல்லை. இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பீடரின் கடைசி ஊரிலிருந்து மனுக்கள் குவிந்தன. மனு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் குறை என்று நினைத்து, இருந்த கனக் கம்பியைக் கடைசிப் பாதிக்குப் போட ஏற்பாடு செய்தேன். வேலை முடிந்த பின் அளந்து பார்த்தால் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. சுமை வழிநெடுகச் சீராகப் பரவியிருக்கும் பாதையில், மொத்த அழுத்த இறக்கத்தில் 75 சதவீதமும் மொத்த மின்னிழப்பில் 87.5 சதவீதமும் முதல் பாதியிலேயே நடந்துவிடுகின்றன என்பது இரண்டு வரித் தொகையீட்டில் கிடைக்கும் விடை. அதை நான் போட்டுப் பார்த்திருக்கவில்லை. எல்லோருடைய மின்னோட்டமும் தலைப்பகுதியைக் கடந்துதான் போக வேண்டும், கடைசிப் பகுதியில் ஓடுவது கடைசி வீட்டுக்காரரின் மின்னோட்டம் மட்டுமே.

நம் மாதிரிப் பாதைக்கு, சுமை பரவியிருப்பதாகக் கொண்டு, இதை எண்ணில் சொன்னால்: துணை மின்நிலையத்தை ஒட்டிய முதல் 5 கிலோமீட்டரை மட்டும் டாக் கம்பியாக்கினால் இறக்கம் 11.5லிருந்து 8.3 சதவீதமாகிறது. பத்துக் கிலோமீட்டரையும் மாற்றினால் 7.25. மாறாக, கடைசி 5 கிலோமீட்டரை மட்டும் மாற்றினால் 10.4. ஒரே நீளக் கம்பி, ஒரே கூலி. ஓரிடத்தில் மூன்றுக்கு மேல் கிடைக்கிறது, இன்னோரிடத்தில் ஒன்று. ஆகவே கம்பி மாற்றக் கேட்பவர்கள், தங்கள் ஊருக்குள் அல்ல, தாங்கள் கண்ணால் பார்க்காத துணை மின்நிலைய வாசலில் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கணக்கை விடக் கடினம்.

டாக் கம்பிக்கு எடை என்ற தடையும் உண்டு. ராபிட் கிலோமீட்டருக்கு 214 கிலோ, டாக் 394 கிலோ. இருக்கும் கம்பங்களிலேயே அதைத் தூக்கிக் கட்டினால் திருப்பங்களில் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தாங்குமா, நடுவில் தொய்வு எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும். கரும்பு லாரி, அறுவடை இயந்திரம் போகும் வழியாக இருந்தால், சாலையைக் கடக்குமிடத்தில் 6.1 மீட்டர் உயரம் மே மாதத்து நண்பகலிலும் இருக்க வேண்டும், கம்பி இழுத்த ஜனவரிக் காலையில் மட்டும் இருந்தால் போதாது. பல இடங்களில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்றாவது கம்பம் நட வேண்டிவரும்; கம்பிச் செலவை விட அந்தச் செலவு சில நேரம் பெரிதாகிவிடும். ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையைப் போல வேதிப்புகை படியும் இடமானால், எஃகு நரம்பு இல்லாத முழு அலுமினியக் கலவைக் கம்பியைக் கேட்பது நல்லது. நரம்பின் துத்தநாகப் பூச்சு அரிக்கப்படும் கவலை அதில் இல்லை.

கண்டன்சர்

நம் பக்கத்துக் கிராமங்களில் கண்டன்சர் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. இருமுனை மின்சாரம் மட்டும் வரும் நேரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்காகத் திருட்டுத்தனமாக வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படி ஓட்டுவது மோட்டாருக்கும் கெடுதி, பாதைக்கும் கெடுதி. இங்கே பேசுவது அதை அல்ல. மோட்டார் காந்தப்புலம் எழுப்பக் கேட்கும், வேலை செய்யாத மின்னோட்டத்தைத் தூரத்து நிலையத்திலிருந்து இழுக்காமல் பக்கத்திலேயே கொடுக்கும் மின்தேக்கியைப் பற்றியது.

நம் பாதையின் கடைக்கோடியில் 750 கிலோவார் (வேலை செய்யாத அந்த மின்சாரத்தை அளக்கும் அலகு) மின்தேக்கி வைத்தால் பவர் ஃபேக்டர் 0.8லிருந்து 0.97க்கு உயர்கிறது, மின்னோட்டம் 98லிருந்து 81 ஆம்பியராகிறது, மின்னிழப்பு 189லிருந்து 128 கிலோவாட், அழுத்த இறக்கம் 11.5லிருந்து 9.2 சதவீதம். கம்பியைத் தொடாமல், கம்பம் நடாமல், இழப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அழுத்தத்தில் கிடைக்கும் லாபம் அவ்வளவு பெரிதல்ல, ஏனென்றால் மின்தேக்கி தூண்டல் மறுப்பால் வரும் இறக்கத்தை மட்டுமே வெட்டுகிறது. மின்தடையால் வரும் இறக்கத்தை அது தொட முடியாது. டாக் கம்பியோடு இதையும் சேர்த்தால்தான் இறக்கம் 5.1 சதவீதமாகவும் இழப்பு 65 கிலோவாட்டாகவும் வருகின்றன. ஒன்று மின்தடையையும் மற்றது மறுப்பையும் கவனிப்பதால் இவை ஒன்றுக்கொன்று போட்டியல்ல, ஜோடி.

இதற்கு ஒரு பொறி உண்டு. மும்முனை நிறுத்தப்பட்டு இரவில் 150 கிலோவாட் மட்டும் ஓடும்போது அந்த 750 கிலோவார் பெட்டி இணைப்பிலேயே இருந்தால் என்னாகும்? பெட்டி இல்லாவிட்டால் 10 ஆம்பியர் ஓடி 2 கிலோவாட்டுக்கும் குறைவாக இழக்கும் பாதையில், இப்போது 34 ஆம்பியர் ஓடி 23 கிலோவாட் வீணாகிறது; கடைக்கோடி அழுத்தம் நிலையத்து அழுத்தத்தை விட 1 சதவீதம் மேலேயும் போகிறது. பகலில் சம்பாதித்ததை இரவு முழுக்கச் செலவழிக்கும் கதை. ஆகவே நேரம் பார்த்தோ அழுத்தம் பார்த்தோ தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு இல்லாத மின்தேக்கித் தொகுதியை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் முடிவு.

அதை விடச் சிறந்த இடம் மோட்டாரின் வாயில்தான். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கிலோவார் மின்தேக்கி வழக்கமான அளவு. ஸ்டார்ட்டருக்குப் பின்னால் இணைத்துவிட்டால் மோட்டாரோடு வரும், மோட்டாரோடு போகும். இரவுப் பொறி தானாகவே நீங்கிவிடும். 1.5 மெகாவாட்டும் இத்தகைய மோட்டார்கள் என்று வைத்தால் ஏறத்தாழ 340 மோட்டார்கள். ஆளுக்கு 2 கிலோவார் என்றால் 680. மேலே சொன்ன 750 கிலோவார் தொகுதிக்கு ஏறக்குறைய சமம், அதுவும் தாழ்வழுத்தப் பாதையின் சுமையையும் சேர்த்துக் குறைத்தபடி. 800 மீட்டர் வீசல் கம்பியில் இதனால் 6 வோல்ட்தான் மீளும் என்றாலும், அங்கே வெப்பமாகும் 4 கிலோவாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் மிச்சம். அரிசி ஆலைக்காரர் உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் அவருக்கு அபராதம் விழும் என்பதால் அவர் தன் பங்கை ஏற்கெனவே வைத்திருந்தார். இலவச மின்சாரம் பெறும் பம்புசெட்டுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லாததால் அங்கே மின்தேக்கி வைப்பதில்லை, வைத்தாலும் பழுதான பின் மாற்றுவதில்லை.

33 கே.வி.

அழுத்தத்தை மும்மடங்காக்கினால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு, இழப்பு ஒன்பதில் ஒரு பங்கு. பழைய ராபிட் கம்பியின் கனத்திலேயே 33 கே.வி. பாதை இழுத்தாலும் 1.5 மெகாவாட்டுக்கு இழப்பு 21 கிலோவாட், இறக்கம் 1.3 சதவீதம். மேலே பார்த்த எதுவும் இதன் அருகில்கூட வரவில்லை. அலுமினியம் வாங்குவதை விட அழுத்தம் வாங்குவது லாபம் என்பது மின்கடத்தலின் தொடக்க காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. கர்நூலிலிருந்து வருவது 765 கே.வி.யாக இருப்பதும் அதனால்தான்.

ஆனால் இந்த லாபத்துக்கு நுழைவுக் கட்டணம் பெரிது. முடிவில் 33/11 மின்மாற்றி, பிரேக்கர், இடம், பாதைக்குப் புதிய இன்சுலேட்டர், கூடுதல் இடைவெளி, காவலுக்கு ஆள். 1.5 மெகாவாட்டுக்காக மட்டும் இதைச் செய்வது, இரண்டு மூட்டை நெல்லுக்கு லாரி பிடிப்பது போல. தீர்மானிக்க வேண்டிய கேள்வி இன்றைய சுமை அல்ல, ஐந்தாறு வருடம் கழித்து வரும் சுமை. சுமை இரட்டித்தால் டாக் கம்பியும் மின்தேக்கியும் சேர்ந்த ஏற்பாட்டில் இறக்கம் 5.1லிருந்து 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். செலவழித்த பணத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்திருப்போம். 33 கே.வி.யில் அது 2.6 சதவீதம். குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம்போல் தறியும் தோல் வேலையும் பெருகும் ஊருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். நெல்லும் தென்னையும் மட்டும் உள்ள மலையடிவாரத்துக்குச் சொல்ல மாட்டேன், அங்கே தொழிற்சாலை வரப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர.

நீண்ட பாதைகளில் சுமை குறைந்தபோது கடைமுனை அழுத்தம் தொடக்கமுனையைத் தாண்டும் ஃபெராண்டி விளைவு 33 கே.வி.யில் வருமா என்று ஆலைக்காரரின் மகன் கேட்டார்; பொறியியல் படிக்கிறவர். 400 கே.வி. பாதை நூறு கிலோமீட்டரில் தானாகவே 55 மெகாவார் உற்பத்தி செய்கிறது. அங்கே அது பெரிய கவலை. நம் 11 கே.வி. பாதை பத்துக் கிலோமீட்டரில் உற்பத்தி செய்வது 4 கிலோவாருக்கும் குறைவு. இரண்டு பம்புசெட்டுக்கு வைக்கும் கண்டன்சர் அவ்வளவுதான். 33 கே.வி.யில் ஒன்பது மடங்கானாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

நிலையத்து மின்மாற்றியில் டேப் (சுருளின் சுற்று விகிதத்தை மாற்றும் அமைப்பு) ஏற்றி அழுத்தத்தைக் கூட்டி அனுப்பலாமே என்ற யோசனையும் வரும். அவசரத்துக்குச் செய்யலாம்; இழப்பு பெரிதாகக் குறையாது, நிலையத்தை ஒட்டிய வீடுகளில் இரவில் பல்பு போகும்.

கடைசி 800 மீட்டர்

நான்காமவர் கேட்ட மின்மாற்றிக்கு வருவோம். கிணற்றடியில் தொலைந்த 118 வோல்ட்டில் 56 வோல்ட் தாழ்வழுத்தப் பாதையில்தான் போயிற்று. டாக் கம்பியும் மின்தேக்கியும் சேர்ந்து 11 கே.வி. பக்கத்தில் எத்தனை வோல்ட் மீட்டுத் தருகின்றன? 433இல் 6.4 சதவீதம், அதாவது 28 வோல்ட். அந்த ஐந்து பேருக்கு மட்டும் பார்த்தால், பத்துக் கிலோமீட்டர் வேலையை விட, 11 கே.வி. கம்பியை அவர்கள் தோட்டம் வரை நீட்டி 25 கே.வி.ஏ. அளவில் சிறு மின்மாற்றிகளை வைத்து, தாழ்வழுத்தப் பாதையை நூறு மீட்டருக்குள் சுருக்குவது ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன் தருகிறது. 400 வோல்ட்டிலிருந்து 11 கே.வி.க்கு மாறுவது 27.5 மடங்கு; அந்தத் துண்டில் இழப்பு 750இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் பம்புசெட்டுகளுக்கு இந்த முறையைப் பரவலாகவே செய்திருக்கிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது இரும்பு இழப்பு. மின்மாற்றி சுமையே இல்லாவிட்டாலும் இருபத்து நான்கு மணி நேரமும் கொஞ்சம் தின்னும். பழைய தரப்படி 100 கே.வி.ஏ. மின்மாற்றிக்கு 260 வாட், 25 கே.வி.ஏ.வுக்கு 100 வாட். ஆக ஒரு பெரியதுக்குப் பதில் நான்கு சிறியது வைத்தால் 140 வாட் கூடுதல், நாளைக்கு 3.4 யூனிட். ஒரே ஒரு 800 மீட்டர் கிளையில் 4 கிலோவாட் வீதம் ஆறு மணி நேரத்தில் போவது 24 யூனிட். தாழ்வழுத்தக் கிளைகள் நீளமாக உள்ள இடத்தில் இந்த எதிர்வாதம் நிற்காது. கிளை 200 மீட்டருக்குள் இருந்தால் நிற்கும். மேலும், ஒரு மின்மாற்றியை நாலைந்து பேர் மட்டும் பகிரும்போது அது எரிந்தால் யார் மோட்டார் கூட்டினார் என்பது ஊருக்கே தெரியும், கொக்கி போடுவதும் குறைகிறது.

எதை முதலில்

வந்தவர்களிடம், மனு எழுதுவதற்கு முன் மூன்று அளவுகளை ஒரே நேரத்தில் எடுக்கச் சொன்னேன்: துணை மின்நிலையத்தில் பீடரின் அழுத்தம், ஊர் மின்மாற்றியின் தாழ்வழுத்த முனையில் அழுத்தம், கடைசிக் கிணற்றின் ஸ்டார்ட்டரில் அழுத்தம். மும்முனை வந்து அரைமணி நேரம் கழித்து, எல்லா மோட்டாரும் ஓடும்போது. முதல் இரண்டில் லைன்மேன் உதவி இல்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே வித்தியாசம் பெரிதானால் வேலை பீடரில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பெரிதானால் வேலை ஊருக்குள்.

அவர்கள் அளந்து வந்ததில் இரண்டாவது வித்தியாசமே பெரிதாக இருந்தது. எனவே நீண்ட கிளைகள் மூன்றுக்குச் சிறு மின்மாற்றிகள் முதல் கோரிக்கை; மனுவுக்காகக் காத்திராமல் ஆளுக்கொரு 2 கிலோவார் மின்தேக்கியைத் தாங்களே வாங்கி, முறையாக இணைத்துக்கொள்வது உடனடி வேலை; நிலையத்தை ஒட்டிய முதல் ஐந்து கிலோமீட்டருக்கு டாக் கம்பி இரண்டாவது கோரிக்கை. 33 கே.வி.யை மனுவில் எழுத வேண்டாம் என்றேன். மூன்றாமவருக்கு அதில் வருத்தம்தான். பெரிய வேலையைக் கேட்டால்தான் சின்ன வேலையாவது நடக்கும் என்பது அவர் அனுபவம், அதை நான் மறுக்கவும் இல்லை. டாக் கம்பியும் மின்தேக்கியும் முழுமையாக வந்தால் உச்ச நேரத்தில் மிஞ்சும் 124 கிலோவாட், நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று பார்த்தால் 2,23,000 யூனிட் என்ற கணக்கை மனுவோடு இணைத்துக் கொடுத்தோம்; மின்வாரியத்துக்கு வோல்ட்டை விட யூனிட் மொழி சீக்கிரம் புரியும்.

அளவெடுத்தது ஜனவரியில். கம்பி குளிர்ந்திருந்த காலம், மின்தடை குறைந்திருந்த காலம். அதே மூன்று இடங்களில், அதே நேரத்தில், மே மாதம் மறுபடி அளந்து, இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.